மரக் கடைசல் லைவ் சென்டர்: பழுதும் பராமரிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில், சாட்ஸ்வர்த் முதல் டொங்காட் வரை, வீட்டு கராஜிலேயே மரக் கடைசல் போடுகிறவர்களுக்காக எழுதியது இது. கோலாட்டக் கோல், காவடித் தண்டு, மாடிப்படிக் கைப்பிடிக் கால், பூரிக்கட்டை என்று எதைக் கடைந்தாலும் நீளக் கட்டையின் ஒரு முனையைத் தாங்குவது, லேத்தின் வலக்கோடித் தாங்கியான டெயில்ஸ்டாக்கில் செருகியிருக்கும், கட்டையோடு சேர்ந்து சுற்றும் முனையுள்ள லைவ் சென்டர்தான். அது கெட்டால் உளி எவ்வளவு கூராக இருந்தாலும் வேலை சுத்தமாக வராது. ஆனால் கெட்ட சென்டர் பலவும் குப்பைக்குப் போகவேண்டியதே இல்லை. பேரிங் மாற்றினால் போதும்.

லைவ் சென்டருக்குள் என்ன இருக்கிறது?

மூன்று பகுதிகள். டெயில்ஸ்டாக்கின் குவிலுக்குள் (கைச்சக்கரத்தைத் திருப்பினால் முன்பின் நகரும் குழாய்) செருகும் கூம்பு வடிவ வால் ஒன்று. அதோடு சேர்ந்த தலை, அதாவது பேரிங் உட்காரும் கூடு. கட்டையோடு சேர்ந்து சுற்றும் முனை. முனையின் கோணம் பொதுவாக 60°. மரத்துக்கென்றே செய்தவற்றில் நடுவில் சிறு ஊசியும் அதைச் சுற்றிக் கிண்ண விளிம்பு போன்ற வளையமும் இருக்கும். அந்த வளையம் கட்டையைப் பிளக்காமல் தாங்குகிறது.

வாலின் கூம்பு மோர்ஸ் டேப்பர் (சுருக்கமாக எம்டி) என்ற பொது அளவில் இருக்கும். சிறிய மேசை லேத்தில் எம்டி1, நடுத்தர லேத்தில் எம்டி2. பெரிய முனையில் அளந்தால் எம்டி1 சுமார் 12 மி.மீ., எம்டி2 சுமார் 17.8 மி.மீ. வாலில் ஒவ்வொரு 20 மி.மீ. நீளத்துக்கும் ஏறத்தாழ 1 மி.மீ. விட்டம் குறையும்.

பேரிங் அமைப்பு இரண்டு விதம். மலிவானதில் முன்னால் ஒரு குண்டு பேரிங், பின்னால் அதைவிடச் சிறிய இன்னொன்று. நல்லதில் முன்னால் குண்டு பேரிங், நடுவில் தள்ளுவிசையைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங், பின்னால் ஊசி பேரிங். சென்டருக்கு எவ்வளவு ஆயுள் என்பதை இந்த த்ரஸ்ட் பேரிங் இருப்பதும் இல்லாததும்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. ஏன் என்று கீழே கணக்கோடு சொல்கிறோம்.

சத்தம் வருகிறது. சென்டர்தான் காரணம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிரிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, கட்டை எதுவும் இல்லாமல் முனையை விரலால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். நல்ல பேரிங் வெண்ணெயில் விரல் போவதுபோல ஒரே சீராகச் சுற்றும். மணல் அரைவதுபோல் இருந்தால் உள்ளே தூசியோ துருவோ சேர்ந்திருக்கிறது. சம இடைவெளியில் 'டக், டக்' என்று நின்று நின்று சுற்றினால் குண்டு ஓடும் பாதையில் பள்ளம் விழுந்திருக்கிறது. பள்ளம் விழுந்த பேரிங்கை எந்தக் கிரீஸும் காப்பாற்றாது.

அடுத்து, முனையைப் பிடித்து முன்னும் பின்னும், மேலும் கீழும் ஆட்டுங்கள். கைக்கு ஆட்டம் தெரிந்தாலே அதிகம். டயல் கேஜ் (ஆட்டத்தை மி.மீ.யில் காட்டும் முள் அளவி) இருந்தால் கூம்பின் மீது வைத்துச் சுற்றுங்கள். 0.05 மி.மீ.க்குள் இருந்தால் மரவேலைக்குத் தாராளம். 0.1 மி.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும்.

முனை கையில் சீராகச் சுற்றுகிறது, ஆட்டமும் இல்லை, ஆனால் கடையும்போது மட்டும் சத்தம் என்றால் சென்டரை விட்டுவிட்டு வேறிடம் பாருங்கள். ஒரு சுற்றுக்கு ஒருமுறை தட்டும் சத்தம் பெரும்பாலும் கட்டையில் விரிசல், அல்லது மோட்டார் பக்கமான ஹெட்ஸ்டாக்கில் கட்டையைப் பல்லால் கவ்விச் சுற்றும் டிரைவ் சென்டர் சரியாகப் பிடிக்காதது. குவிலைப் பூட்டும் கைப்பிடி தளர்ந்திருந்தாலும் இதே தொந்தரவு வரும். இதனாலேயே நல்ல பேரிங்கைக் கழற்றி வீணாக்குகிறவர்கள் உண்டு.

முனை சற்றுக் கோணலாகச் சுற்றுகிறது. ஆனால் கடைந்த பொருள் சரியாகத்தான் வருகிறது. இது எப்படி?

முனையும் கட்டையும் ஒன்றாகவே சுற்றுகின்றன. ஆகவே கட்டை பேரிங்கின் அச்சில் சுற்றுகிறது, முனையின் நுனியில் அல்ல. லேத்திலிருந்து எடுக்காதவரை உருளை உருளையாகவே வரும். கழற்றி மறுபடி மாட்டும்போதுதான் வினை. முனை வேறு நிலையில் நின்றால் கட்டை ஆடும். ஒரே மூச்சில் முடிக்கும் வேலைக்கு இந்தக் கோணல் பெரிய குறையில்லை. பாலிஷ் காய்ந்தபின் மறுபடி மாட்டும் வேலை என்றால், கட்டையிலும் முனையிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அதே இடத்தில் பொருத்துங்கள்.

எவ்வளவு சூடு இயல்பு?

1,500 சுற்று வேகத்தில் பத்து நிமிடம் ஓடியபின் தலைப்பகுதி வெதுவெதுப்பாக இருக்கலாம். புது பேரிங்கில் ரப்பர் சீல் உராய்வதால் முதல் ஒரு மணி நேரம் கொஞ்சம் கூடுதலாகவே சுடும், பிறகு அடங்கும். லேத்தை நிறுத்திவிட்டு, சுற்றாத கூட்டைத் தொடுங்கள். ஐந்து விநாடி கை வைக்க முடியாவிட்டால் அது ஏறத்தாழ 60° செல்சியஸ். அது தவறு. முதலில் டெயில்ஸ்டாக் அழுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் சுட்டால் பேரிங் போய்விட்டது.

வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது?

வேகத்தினால் அல்ல. இந்த அளவு பேரிங்குகள் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் தாங்கும். மரக் கடைசலில் 3,000-ஐத் தாண்டுவதே அபூர்வம். கெடுப்பது கைச்சக்கரம்.

கணக்கைப் பாருங்கள். மலிவான சென்டரின் முன்பக்கத்தில் 6001 போன்ற சாதாரண குண்டு பேரிங்தான் இருக்கும். பேரிங் நிறுவனமான எஸ்கேஎஃப்பின் அட்டவணைப்படி அதன் நிலைச்சுமைத் திறன் 2.36 கிலோநியூட்டன். ஆனால் அது பக்கவாட்டுச் சுமைக்கான எண். அச்சுத் திசையில் நேராகத் தள்ளினால், இத்தனை சிறிய பேரிங்குக்கு அதில் கால்பங்குதான் பாதுகாப்பான எல்லை. அதாவது சுமார் 0.59 கிலோநியூட்டன், ஏறக்குறைய 60 கிலோ எடை.

இப்போது கைச்சக்கரம். சக்கரத்தின் ஆரம் 75 மி.மீ., ஒரு சுற்றுக்குக் குவில் 3 மி.மீ. நகர்கிறது என்று வையுங்கள். கையால் 5 கிலோ விசை கொடுக்கிறீர்கள். அது ஒரு பை அரிசியைத் தூக்கும் விசைதான். மறையின் உராய்வில் 70 சதவீதம் வீணாகிறது என்று கழித்தாலும், சென்டரின் முனையில் 230 முதல் 240 கிலோ வரை அழுத்தம் விழும். தாங்கக்கூடியது 60. கை வலிக்காமலே நான்கு மடங்கு ஏற்றிவிட்டோம்.

இதனால்தான் த்ரஸ்ட் பேரிங் உள்ள சென்டர் நீடிக்கிறது. நேர்த்தள்ளலைத் தாங்கவே செய்யப்பட்ட அதன் திறன் பல மடங்கு அதிகம்.

இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. டிரைவ் சென்டரின் பற்கள் கட்டையில் இறங்க வேண்டும் என்பதற்காக, கட்டையை லேத்தில் மாட்டிவிட்டு டெயில்ஸ்டாக்கைத் திருகித் திருகியே இறக்குவார்கள். சிலர் மாட்டிய நிலையிலேயே சுத்தியால் தட்டுவார்கள். ஒவ்வொரு அடியும் குண்டுகள் வழியாகப் பாதையில் இறங்கிப் பள்ளம் போடும். மேலே சொன்ன 'டக், டக்' அப்படித்தான் பிறக்கிறது. பற்களை இறக்குவது பெஞ்சின் மேல் நடக்க வேண்டிய வேலை. டிரைவ் சென்டரைக் கழற்றி, கட்டையின் முனையில் வைத்து, மரச்சுத்தியால் இரண்டு தட்டு. அவ்வளவுதான்.

அப்படியானால் எவ்வளவு இறுக்க வேண்டும்?

ஆப்பிரிக்காவின் டம்போட்டி போன்ற இறுகிய மரம் என்றால் முனை உட்காரும் இடத்தில் முதலில் 3 மி.மீ. டிரில்லால் ஒரு சிறு துளை போடுங்கள். துளையில்லாமல் திணித்தால் கட்டை பிளக்கும், பேரிங்கும் அடிவாங்கும். சலிக்னா (ஒருவகை யூகலிப்டஸ்) போன்ற அவ்வளவு இறுகாத மரத்தில் ஆணியால் ஒரு குழி போட்டால் போதும்.

கட்டையை மாட்டி, முனை நன்றாகப் பதியும்வரை திருகுங்கள். பிறகு கால் சுற்று பின்னால் விடுங்கள். மறுபடி மெதுவாக முன்னேறி, கட்டையைக் கையால் சுற்றினால் முனையும் கூடவே சுற்றும் இடத்தில் நிறுத்துங்கள். பிளக் கழற்றிய நிலையில், ஒரு கையால் கட்டையைச் சுற்றிக்கொண்டே மறுகை இரு விரலால் முனையைப் பிடித்து நிறுத்தப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் அழுத்தம் போதும். குவிலைப் பூட்டுங்கள். இரண்டு நிமிடம் கடைந்தபின் லேத்தை நிறுத்தி ஒருமுறை சரிபாருங்கள். நார் அமுங்குவதால் பிடி தளர்ந்திருக்கும், ஒரு துளி முன்னே தள்ள வேண்டிவரும்.

கோலாட்டக் கோல்போல் மெல்லிய நீளக் கட்டைக்கு இது இருமடங்கு முக்கியம். அதிகம் இறுக்கினால் கோல் வில்லாக வளையும், நடுப்பகுதி துடிக்கும், உளித் தடம் சுருள் சுருளாக விழும். பலர் அதைப் பேரிங் பழுது என்று நினைக்கிறார்கள். அழுத்தத்தைத் தளர்த்தினால் அந்த நிமிடமே நின்றுவிடும்.

முனை நின்றுவிடுகிறது, கட்டை மட்டும் சுற்றிக் கருகுகிறது. என்ன செய்ய?

இரண்டில் ஒன்று. அழுத்தம் போதாமல் முனை வழுக்குகிறது, அல்லது பேரிங் இறுகிவிட்டது. கையால் சுற்றிப் பார்த்தாலே எது என்று தெரியும். கருகிய குழி கண்ணாடிபோல் வழவழப்பாகிவிடும், அதில் முனை இனிப் பிடிக்காது. குழியைச் சற்று ஆழமாக்கிவிட்டு மாட்டுங்கள்.

எண்ணெய் விட்டால் சரியாகுமா?

ரப்பர் சீல் உள்ள பேரிங்கில் வெளியிலிருந்து விடும் எண்ணெய் உள்ளே சரியாகப் போகாது. போகிற கொஞ்சமும் உள்ளிருக்கும் கிரீஸைக் கரைத்து வெளியே கொண்டுவரும். ஊடுருவும் ஸ்ப்ரே எண்ணெய் அடித்தால் சத்தம் ஒரு நாள் அடங்கும், அடுத்த வாரம் இருமடங்காகத் திரும்பும். மரத்தூள் அந்த எண்ணெயோடு சேர்ந்து களிம்பாகி சீலின் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வதும் உண்டு. கிரீஸ் நிப்பிள் வைத்த சென்டர் என்றால் மட்டும் கிரீஸ் கன்னால் ஒன்றிரண்டு அழுத்து, அதற்குமேல் வேண்டாம்.

என் சென்டரைப் பிரிக்க முடியுமா?

தலையின் முன்பக்கத்தைத் துடைத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு சிறு துளைகளோ வெட்டுகளோ உள்ள வளையம் தெரிந்தால் அது திருகு மூடி. இரு ஊசிமுனை உள்ள 'பின் ஸ்பேனர்' கொண்டு அதைத் திறக்கலாம். மெல்லிய எஃகு வளையத்தின் இரு காதுகள் தெரிந்தால் அது சர்க்கிளிப். இரண்டும் இல்லாமல் வழவழப்பாக இருந்தால் அழுத்திப் பொருத்தியது. அப்போது வாலின் பின்முனையைப் பாருங்கள். அங்கே துளை இருந்து, அதன் வழியே உள்ளிருக்கும் தண்டின் முனை தெரிந்தால், பின்னாலிருந்து தட்டி எடுக்கலாம். துளையும் இல்லை என்றால் பிரிக்கும் நோக்கமே இல்லாமல் செய்யப்பட்டது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

எப்படிப் பிரிப்பது?

முதலில் சென்டரை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் வெளியே மட்டும் துடையுங்கள். கீழே வெள்ளைத் துணி விரியுங்கள், சிறு வளையங்கள் உருண்டு போகாமல் இருக்க. ஒவ்வொன்றும் வெளிவரும் வரிசையில் இடமிருந்து வலமாக அடுக்குங்கள். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். த்ரஸ்ட் பேரிங்கின் இரு தட்டுகளும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், ஆனால் ஒன்றல்ல. வரிசை மறந்தால் பொருத்தும்போது திண்டாட வேண்டும்.

வாலை வைஸில் நேரடியாகப் பிடிக்காதீர்கள். டேப்பரில் வைஸின் பல் ஒரு கோடு போட்டாலும் அது இனிக் குவிலில் சரியாக உட்காராது. செம்புத் தகடோ மெல்லிய மரத்துண்டோ இருபுறமும் வைத்து, முடிந்தால் தலையைப் பிடியுங்கள்.

திருகு மூடி என்றால் மறை எந்தப் பக்கம் என்று பார்த்துத் திருகுங்கள். சிலவற்றில் இடமறை (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகினால் கழலும் மறை) இருக்கும். அசையாவிட்டால் ஹீட் கன்னால் மூடியைச் சூடாக்குங்கள். பூட்டுப் பசை போட்டிருந்தால் இளகும். மூடியோ சர்க்கிளிப்போ போனபின், தலையின் விளிம்பு உட்காரும் அளவுக்கு ஒரு குழாய்த் துண்டின் மேல், முனை கீழ்நோக்கி இருக்கும்படி சென்டரை நிறுத்துங்கள். பின்துளை வழியே 5 அல்லது 6 மி.மீ. பித்தளைக் கம்பியை விட்டு, நேராக, சின்னச் சின்ன அடியாகத் தட்டுங்கள். கீழே ஒரு துணி மடித்து வையுங்கள், முனை தரையில் விழுந்தால் நுனி போய்விடும்.

பின்துளை இல்லாத சென்டரில் தண்டு வந்து, பின்பக்கச் சிறு பேரிங் மட்டும் குருட்டுத் துளையின் (மறுமுனை மூடிய துளை) அடியில் மாட்டிக்கொண்டால் ஒரு நல்ல உபாயம் உண்டு. பேரிங்கின் நடுத்துளைக்கு அச்சாகப் பொருந்தும் ஒரு கம்பியைத் தேர்ந்தெடுங்கள். துளை நிறையக் கிரீஸை அடைத்து, கம்பியை வைத்துத் தட்டுங்கள். கிரீஸ் போக வழியில்லாமல் பேரிங்கைப் பின்னாலிருந்து தள்ளி மேலே கொண்டுவரும். நாலைந்து முறை கிரீஸை நிரப்ப வேண்டிவரும். ஈர ரொட்டித் துண்டை வைத்தும் இதையே செய்கிறார்கள்.

எந்த பேரிங் வாங்குவது?

பழைய பேரிங்கின் ஓரத்தில் எண் பொறித்திருக்கும். அதுவே போதும். அழிந்துபோயிருந்தால் வெர்னியரால் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். குண்டு பேரிங்கிலும் த்ரஸ்ட் பேரிங்கிலும் எண்ணின் கடைசி இரு இலக்கம் உள்விட்டத்தைச் சொல்லும்: 00 என்றால் 10 மி.மீ., 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. லைவ் சென்டர்களில் வரக்கூடிய அளவுகள் இவை:

6000 – 10 × 26 × 8 மி.மீ.
6001 – 12 × 28 × 8
6002 – 15 × 32 × 9
6200 – 10 × 30 × 9
6201 – 12 × 32 × 10
6202 – 15 × 35 × 11
த்ரஸ்ட் 51100 – 10 × 24 × 9
த்ரஸ்ட் 51101 – 12 × 26 × 9
த்ரஸ்ட் 51102 – 15 × 28 × 9
ஊசி பேரிங் எச்கே1010 – 10 × 14 × 10

இந்த எண்கள் உலகம் முழுவதும் ஒன்றே. ஜேக்கப்ஸ் போன்ற தொழிற்பேட்டைப் பகுதியில் மோட்டாருக்கும் கன்வேயருக்கும் பேரிங் விற்கும் கடையில் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். மரவேலைக் கடைக்காரர் இதை வைத்திருக்க மாட்டார்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தில் கவனம் வேண்டும். 2ஆர்எஸ் என்றால் இருபுறமும் ரப்பர் சீல். இசட்இசட் என்றால் இருபுறமும் இரும்புத் தகடு. தகட்டுக்கும் உள்வளையத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும், நைசான மரத்தூள் அதன் வழியே போய்விடும். ஆகவே முன்பக்கத்துக்கு 2ஆர்எஸ்தான். சி3 என்று இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது சூடாகும் மோட்டாருக்காக உள்ளே இடைவெளி கூட்டிச் செய்தது. சென்டரில் போட்டால் புதிதாக இருக்கும்போதே ஆட்டம் காட்டும். கடைக்காரர் 'இரண்டும் ஒன்றுதான்' என்று சி3-ஐ நீட்டுவது சகஜம். உங்கள் வேலைக்கு இரண்டும் ஒன்றல்ல.

புதிதைப் பொருத்தும் முறை என்ன?

ஒரே விதிதான், அதை மீறவே கூடாது. எந்த வளையம் இறுக்கமாகப் போகிறதோ அந்த வளையத்தை மட்டும் அழுத்துங்கள். தண்டின் மேல் ஏற்றும்போது உள்வளையம். கூட்டுக்குள் இறக்கும்போது வெளிவளையம். மாற்றி அழுத்தினால் விசை குண்டுகள் வழியாகப் போய், பொருத்திய நாளே பேரிங் கெட்டுவிடும். சரியான விட்டமுள்ள சாக்கெட் ஸ்பேனர் தலையோ குழாய்த் துண்டோ இதற்குப் போதும். வைஸின் வாயையே பிரஸ்ஸாகப் பயன்படுத்தி மெதுவாக அழுத்தலாம். சுத்தியைவிட அது நல்லது.

வெப்பத்தின் உதவியையும் எடுத்துக்கொள்ளுங்கள். பேரிங்கை பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். பை இல்லாமல் வைத்தால் வெளியே எடுத்ததும் டர்பன் காற்றின் ஈரம் வியர்வையாகப் படியும். கூட்டை ஹீட் கன்னால் 80° வரை சூடாக்குங்கள். 28 மி.மீ. துளை, வெப்பம் 60° உயர்ந்தால், சுமார் 0.02 மி.மீ. விரியும். கேட்க அற்பம், ஆனால் பேரிங் இறுக்கம் என்பதே அந்த அளவில்தான் இருக்கிறது. சீல் உள்ள பேரிங்கை நேரடியாக நெருப்பில் காட்டாதீர்கள்.

த்ரஸ்ட் பேரிங்கின் இரு தட்டில் ஒன்றின் துளை தண்டைக் கவ்வும், மற்றதன் துளை கொஞ்சம் பெரிது. கவ்வுகிற தட்டு சுற்றும் தண்டின் தோள் பக்கம். பெரிய துளையுள்ளது அசையாத கூட்டின் பக்கம். மாற்றிப் போட்டால் தண்டு தட்டில் உரசித் தேயும்.

சீல் உள்ள பேரிங்குக்குக் கிரீஸ் வேண்டாம், உள்ளேயே உண்டு. திறந்த ஊசி பேரிங்குக்கும் த்ரஸ்ட் பேரிங்குக்கும் 2-ஆம் தரமுள்ள லித்தியம் கிரீஸ், கார் சக்கரத்துக்குப் போடும் அதே கிரீஸ், காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும். முழுக்க அடைத்தால் கிரீஸையே கடைந்துகொண்டு சூடாகும். பழைய கிரீஸ் எந்த வகை என்று தெரியாவிட்டால் முழுவதும் கழுவி எடுத்துவிட்டுப் புதிதைப் போடுங்கள். சில வகைகள் கலந்தால் நீர்த்து ஓடிவிடும்.

மூடியை இறுக்கியபின் முனை தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஆனால் முன்பின் ஆட்டம் கைக்குத் தெரியக்கூடாது. சர்க்கிளிப் வகையில் ஆட்டம் மிஞ்சினால் 0.1 மி.மீ. ஷிம் (மெல்லிய தகடு) வளையம் ஒன்றோ இரண்டோ சேருங்கள்.

கூடு தேய்ந்து, பேரிங் கையாலேயே உள்ளே போகிறது. கூட்டை எறிந்துவிட வேண்டியதுதானா?

0.1 மி.மீ.க்குள் தேய்ந்திருந்தால் எறிய வேண்டாம். இரு பரப்பையும் எண்ணெய்ப் பசையில்லாமல் துடைத்து, லாக்டைட் 641 போன்ற பேரிங் பிடிப்புப் பசையை வெளிவளையத்தில் மெல்லிய கோடாகத் தடவிப் பொருத்துங்கள். சீல் பக்கம் ஒரு துளிகூட வழியக்கூடாது. ஒரு நாள் காயவிடுங்கள். இந்த 641 பின்னாளில் கழற்றக்கூடிய அளவு பிடிப்புதான், அதனால்தான் அதைச் சொல்கிறோம். ஆணிப்புள்ளி குத்தி மேடாக்கிப் பிடிக்கவைக்கும் பழைய வழக்கம் வேண்டாம், பேரிங் கோணலாக உட்காரும்.

சென்டர் டெயில்ஸ்டாக்கிலேயே மாட்டிக்கொண்டது. எப்படி எடுப்பது?

பெரும்பாலான லேத்தில் குவிலை முழுவதும் பின்னால் இழுத்தாலே மறைத்தண்டின் முனை சென்டரின் வாலைத் தள்ளி வெளியேற்றும். வால் குட்டையாக இருந்தால் எட்டாது. அப்போது சென்டரை மறுபடி மாட்டும்முன் வாலின் பின்னால் ஒரு சிறு எஃகுத் துண்டு வைத்து நீளம் கூட்டலாம்.

இப்போதே மாட்டிக்கொண்டிருக்கிறது என்றால், குவில் உள்துளை உடையதா என்று பாருங்கள். உடையது என்றால் பின்னாலிருந்து பித்தளை அல்லது அலுமினியக் கம்பியால் தட்டுங்கள், முன்னால் ஒரு கை சென்டரைப் பிடித்திருக்கட்டும். வராவிட்டால் ஊடுருவும் எண்ணெயை இணைப்பில் விட்டு ஓர் இரவு வைத்திருந்து, குவிலின் வெளிப்பக்கத்தை மட்டும் சூடாக்கித் தட்டுங்கள். பைப் ரெஞ்சால் தலையைப் பிடித்து முறுக்காதீர்கள். பக்கவாட்டில் அடிக்காதீர்கள். இரண்டுமே குவிலைக் கெடுக்கும், குவில் விலை சென்டர் விலையைவிட அதிகம்.

வால் குவிலுக்குள் வழுக்கிச் சுற்றுகிறது.

பெரும்பாலும் பேரிங் இறுகியதால் வால் சுற்றத் தொடங்கியிருக்கும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிறகு வாலில் மார்க்கரால் நீளவாக்கில் மூன்று கோடு போட்டு, குவிலில் செருகி, சிறிது திருகி எடுங்கள். கோடு முழு நீளத்துக்கும் தேய்ந்திருந்தால் நன்றாக உட்காருகிறது. ஓரிடத்தில் மட்டும் அழிந்திருந்தால் அங்கே ஒரு மேடு இருக்கிறது. அந்த மேட்டை மட்டும் மென்மையான எண்ணெய்க்கல்லால் தேயுங்கள். வால் முழுவதும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் டேப்பரே மாறிவிடும். குவிலின் உட்பக்கம் கீறியிருந்தால் அதே எண்ணுள்ள மோர்ஸ் ரீமரை (துளையைச் சீவிச் சரிசெய்யும் கருவி) கையால் ஓரிரு சுற்று மட்டும் விடுங்கள்.

முனை மழுங்கிவிட்டது.

கடினப்படுத்திய எஃகு, அரம் ஏறாது. சென்டரை டெயில்ஸ்டாக்கில் மாட்டி, டிரில்லில் ஒரு ரப்பர் சக்கரம் பூட்டி முனையின் பின்பகுதியைச் சுற்றவைத்து, முன்பகுதியில் எண்ணெய்க்கல்லை 60° கூம்பின் சரிவோடு சாய்த்துப் பிடியுங்கள். கல் தூள் சீலுக்குள் போகாமல் கிரீஸ் தடவிய துணியைச் சுற்றிவிடுங்கள். நுனி உடைந்தே போயிருந்தால் எஃகு லேத் பட்டறையில் கொடுத்து அரைப்பதுதான் வழி. கிண்ண வகையில் ஊசியைத் தனியாக மாற்றலாம்.

கடற்காற்றில் துரு பிடிக்கிறது. எப்படி வைப்பது?

டர்பன் கரையோரம் கராஜில் ஒரு வாரம் வெறுமனே கிடந்தாலே வாலில் பழுப்புப் படலம் வரும். சென்டரைக் குவிலிலேயே விட்டுவைக்காதீர்கள், துரு இரண்டையும் ஒட்டவைத்துவிடும். வேலை முடிந்ததும் எடுத்து, தூள் துடைத்து, மெஷின் ஆயில் தொட்ட துணியால் ஒரு பூச்சு. மறுநாள் செருகும்முன் வாலையும் குவிலின் உட்புறத்தையும் உலரத் துடைக்க வேண்டும். எண்ணெயோடு செருகினால் பிடிக்காது.

கருவிப் பெட்டியில் கற்பூரக் கட்டி வைக்கும் பழக்கம் பல நாட்டுக் கைவினைஞர்களிடமும் உண்டு, பூஜைக்கு வாங்குவதில் ஒன்றிரண்டு போட்டு வைப்பதில் தவறில்லை. ஆனால் மூடி இறுக்கமான பெட்டியாக இருக்க வேண்டும், எண்ணெய்ப் பூச்சுக்கு அது மாற்றும் அல்ல. மேலோட்டமான துருவை மிக மென்மையான எஃகு நூலும் (ஸ்டீல் வூல்) எண்ணெயும் கொண்டு துடைத்தெடுக்கலாம்.

பச்சை மரம் கடைந்தால் சென்டருக்குக் கேடா?

ஆம். குவாசுலு-நட்டாலில் எளிதில் கிடைக்கும் கறுப்பு வாட்டில் பட்டையிலிருந்து தோல் பதனிடும் டேனின் எடுக்கிறார்கள். அந்த ஈரச்சாறு எஃகில் பட்டால் கருநீலக் கறை விழும், அப்படியே விட்டால் துரு அரிக்கும். கியாட் நம் வேங்கையின் இனம், அதன் சிவப்புச் சாறும் அப்படியே ஒட்டிக்கொண்டு காயும். பச்சை மரம் கடைந்த அன்றே ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, எண்ணெய் போடுங்கள். முனைக்கும் தலைக்கும் இடையில் உள்ள இடுக்கைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். காற்றுக் குழாயால் ஊதாதீர்கள், அழுத்தக் காற்று தூளை சீலைத் தாண்டி உள்ளே அனுப்பும்.

டம்போட்டியின் பால் கண்ணையும் தோலையும் கடுமையாக எரிக்கும், தூளும் அப்படியே. அதைச் சுத்தம் செய்யும்போது கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். அந்தத் துண்டுகளை அடுப்பில் போடாதீர்கள், புகையும் நஞ்சு.

மின்வெட்டுக்கும் சென்டருக்கும் சம்பந்தம் உண்டா?

லோட் ஷெடிங்கில் லேத் பாதியில் நின்றால் சுவிட்சை அணைத்து, உளியை எடுத்து, டெயில்ஸ்டாக்கைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். மின்சாரம் திரும்பும்போது தானாக ஓடாமல் தடுக்கும் சுவிட்ச் எல்லா லேத்திலும் இல்லை. மணிக்கணக்கில் அழுத்தத்தில் நிற்கும் ஈரக்கட்டை சுருங்கிப் பிடி விட்டிருக்கும். திரும்ப ஓட்டுமுன் அழுத்தத்தைப் புதிதாகச் சரிபார்க்க வேண்டும்.

தைப்பூசம் நெருங்கிவிட்டது, காவடி வேலை பாதியில் நிற்கிறது, பேரிங் கிடைக்க மூன்று நாளாகும். என்ன செய்யலாம்?

சுற்றாத சாதாரண சென்டரை மாட்டுங்கள். கட்டையின் குழியில் தேன்மெழுகோ மெழுகுவத்தியோ தேயுங்கள். வேகம் 800-க்குள் இருக்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி மெழுகு பூசி, குழி பெரிதாகியிருந்தால் டெயில்ஸ்டாக்கை முன்னே தள்ளுங்கள். லைவ் சென்டர் வருவதற்கு முன் நீளக் கட்டைக் கடைசல் இப்படித்தான் நடந்தது. முனைப்பக்கம் சற்றுக் கருகும், ஆகவே கட்டையை 20 மி.மீ. நீளமாக விட்டுக் கடைந்து, பிறகு அறுத்து எறியுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

தினமும் மாட்டும்முன் ஒருமுறை விரலால் சுற்றிப் பாருங்கள், ஐந்து விநாடி வேலை. வாரம் ஒருமுறை வாலையும் குவிலையும் துடையுங்கள். நாள் முழுக்கக் கடைகிறவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டயல் கேஜ் வைத்துப் பார்த்து எண்ணைக் குறித்துவையுங்கள். 0.02-இல் தொடங்கியது 0.06 ஆனால் பேரிங்கை இப்போதே வாங்கி வையுங்கள். வால் வளைந்திருந்தாலோ கூடு பிளந்திருந்தாலோ மட்டும் சென்டரையே மாற்றுங்கள். அப்படி மாற்றும்போது பழைய முனையையும் சர்க்கிளிப்பையும் எடுத்து வையுங்கள், அதே அளவு வேறொன்றுக்கு உதவும்.